பை பார்த்துக்கொண்டிருந்தவன்

செஞ்சி ராஜகிரிக் கோட்டையின் உச்சியை நான் பார்த்ததில்லை. பார்த்ததாக எழுதியிருக்கிறேன். எழுதியதோடு நிற்காமல் பேசியும் இருக்கிறேன். ஒரு கல்லூரி விழாவில் மைக்கைப் பிடித்து, உச்சியில் நின்றபோது நெஞ்சு எப்படி விம்மியது என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். பொன்னாடையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன். பொய் சொன்ன உறுத்தல் துளியும் இல்லை. உச்சிக்கு ஏறத்தாழப் போனவன்தானே, கடைசிச் சில அடிகள் பாக்கி, அதில் என்ன வந்துவிட்டது என்று எனக்கு நானே கணக்கு முடித்து வைத்திருந்தேன்.

நான் திண்டிவனத்துக்காரன். திருவண்ணாமலைக்குப் போகும் எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் செஞ்சி வழியில் வந்துவிடும். யாரோ உருண்டைக் கற்களை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன மாதிரி மலைகள். வலப்பக்கம் கிருஷ்ணகிரி, இடப்பக்கம் தள்ளி ராஜகிரி, தெற்கே சந்திரகிரி. மூன்றையும் சேர்த்து வளைத்துக்கொண்டு ஓடும் மதில் சுமார் 13 கிலோமீட்டர். சின்ன வயதில் ஜன்னலோர சீட்டுக்கு அக்காவோடு சண்டை போட்டதே அந்த மதிலைப் பார்க்கத்தான். வளர்ந்த பிறகு படித்துப் படித்து அதைக் கரைத்துக் குடித்தேன். ஆனந்தக் கோன் என்ற இடையர் தலைவர் கட்டத் தொடங்கியதாகச் சொல்லப்படும் காலத்திலிருந்து, விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள் அதைப் பெரிய நகரமாக்கியது, 1649-இல் பீஜப்பூர்க்காரர்கள் பிடித்தது, 1677-இல் சிவாஜி வாங்கி மதிலைப் பலப்படுத்தியது, 1698-இல் மொகலாயர், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து பெயர்த்துக்கொண்டு போனவை என்று, அங்கே ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருப்பவர்களைக்கூட நிறுத்திச் சொல்லியிருக்கிறேன். இந்த மாதிரி ஆள் உச்சிக்குப் போகாமல் இருப்பான் என்று யாருக்குச் சந்தேகம் வரும்?

ராஜகிரி சுமார் 800 அடி உயரம். கீழே கல்யாண மகால், யானைக்குளம், நெற்களஞ்சியங்கள். அங்கிருந்து படி. ஒரு படி கணுக்கால் உயரம் இருந்தால் அடுத்தது முழங்கால் உயரம். வாசலுக்கு மேல் வாசலாக வரும். வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில். அதுவரை எனக்கு ஒரு குறையும் கிடையாது. மூச்சு வாங்கும், முழங்கால் வலிக்கும், எல்லாருக்கும் வருவதுதான். பாறை விளிம்பில் நின்று கீழே கல்யாண மகாலை எட்டிப் பார்க்கக்கூட முடியும். அதற்கும் மேலே போனால் மலை திடீரென்று இரண்டாகப் பிளந்து நிற்கும். பிளவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாறைக்கோபுரத்தின் தலையில்தான் உச்சிக்கோட்டை. பிளவின் அகலம் சுமார் 24 அடி, ஆழம் சுமார் 60 அடி என்று புத்தகங்கள் சொல்கின்றன. அதன்மேல் ஒரு பாலம். 24 அடி என்றால் ஒரு டவுன் பஸ்ஸின் நீளம்கூட இல்லை.

அந்தப் பாலத்தை என்னால் கடக்க முடியவில்லை.

முதல் தடவை கல்லூரி நண்பர்களோடு போனபோது நடந்ததைச் சொல்கிறேன். எல்லாரும் பேசிக்கொண்டே போய்விட்டார்கள். நான் வலது காலைப் பாலத்தில் வைத்தேன். கைப்பிடிக் கம்பி வெயிலில் பழுக்கக் காய்ந்திருந்தது. அதை விடவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கீழே பார்த்தேன். பாறை இடுக்கில், வெகு ஆழத்தில், ஒற்றை ரப்பர் செருப்பு கிடந்தது. நீல வார். யாருடைய காலிலிருந்து நழுவியதோ. அந்தச் செருப்பைப் பார்த்த மாத்திரத்தில் உள்ளங்கால் கூசத் தொடங்கி, கூச்சம் தொடைவரை ஏறி, இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்றுமே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. அதே நேரத்தில் இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு அம்மா, "கொஞ்சம் வழி வுடுப்பா" என்று என்னை ஒதுக்கிவிட்டு, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, தெருவில் நடப்பதுபோல் அந்தப் பக்கம் போனார். கைப்பிடிமேல் உட்கார்ந்திருந்த குரங்கு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. நான் வைத்த காலை எடுத்துவிட்டேன்.

இதற்கு ஏதாவது காரணம் இருக்கும் என்று பிற்பாடு யோசித்துப் பார்த்திருக்கிறேன். கிணற்றில் விழுந்தது, மாடியிலிருந்து தவறியது என்று சின்ன வயதுக் கதை ஏதாவது அகப்பட்டால் கௌரவமாக இருக்கும். ஒன்றும் அகப்படவில்லை. விழுப்புரம் ஜங்ஷன் மேம்பாலத்தில் ஓரமாக நடக்க மாட்டேன், நடுவில்தான் நடப்பேன்; அதுவும் யாரும் கவனிக்காதபடி. பயம் என்றால் பயம், அவ்வளவுதான். பயந்ததற்காக இன்றைக்கு நான் வெட்கப்படவில்லை. அதை மறைக்க நான் செய்த வேலைகளைத்தான் சொல்ல வந்தேன்.

நண்பர்கள் திரும்பி வந்து "எங்கடா போன?" என்று கேட்டபோது, என் வாயிலிருந்து தானாக வந்தது: "பையெல்லாம் யார் பாத்துக்கிறது? கொரங்கு தூக்கிட்டுப் போயிடும்ல." நல்ல பொய்க்கு அழகு, அதில் முக்கால்வாசி உண்மை இருப்பது. செஞ்சிக் குரங்குகளைத் தெரிந்தவர்கள் இந்தச் சாக்கைக் குறை சொல்ல முடியாது. பாலிதீன் பை சரசரத்தால் போதும், பாறைக்குப் பின்னாலிருந்து நான்கு வரும். அன்று முதல் நான் பை பார்த்துக்கொள்கிறவன் ஆனேன். சென்னையிலிருந்து வந்த நண்பர்கள், அலுவலகத்துக்காரர்கள், மனைவி வழிச் சொந்தங்கள் என்று கோட்டை பார்க்க யார் வந்தாலும் நான்தான் கூட்டிப் போவேன். கல்யாண மகாலில் அரை மணி நேரம் பேசுவேன். சக்கரக்குளத்தருகே நிற்கும் குடைவுள்ள பாறையைக் காட்டி, அதற்குள் கைதிகளைத் தள்ளிப் பட்டினி போட்டுக் கொன்றதாகச் சொல்லும் கதையைக் குரல் தாழ்த்திச் சொல்வேன். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நிழல் உண்டு. அங்கே உட்கார்ந்து, "நான் எத்தனையோ வாட்டி பார்த்தாச்சு. நீங்க போயிட்டு வாங்க, பைய நான் பாத்துக்கறேன்" என்பேன். என் பெருந்தன்மையை எல்லாரும் மெச்சினார்கள். ஒருத்தர் எனக்கென்று இளநீர் வாங்கி வைத்திருந்து கொடுத்தார்.

செஞ்சி வரலாற்றில் என்னைப் போல ஒருத்தர் உண்டு. ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார் கான். சிவாஜியின் மகன் ராஜாராம் ராய்கட்டிலிருந்து தப்பிச் செஞ்சிக்கு வந்து ஒதுங்கியதும், அவரைப் பிடிக்க 1690-இல் ஜுல்பிகார் வந்து முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698-இல். இடையில் எட்டு வருஷம். மராத்தியப் படைகள் வெளியிலிருந்து தாக்கி அவரைத் திணறடித்தது உண்மை. பஞ்சம் வந்தது உண்மை. முற்றுகையிட வந்தவரே முற்றுகையில் மாட்டிக்கொண்டு வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டி வந்ததும் உண்மை. ஆனால் அந்தப் பாளயத்திலேயே இருந்த பீம்சேன் என்பவர் பாரசீகத்தில் எழுதி வைத்த குறிப்புகளில் வேறொன்று சொல்கிறார். ஜுல்பிகார் நினைத்திருந்தால் வந்த அன்றே பிடித்திருக்கலாம், தளபதிகளுக்கு யுத்தம் நீண்டால்தான் லாபம், அதனால் இழுத்தடித்தார் என்பது அவர் கட்சி. கடைசியில் கோட்டை விழும்போது ராஜாராம் அங்கே இல்லை. நழுவிவிட்டார். பிடித்த கோட்டைக்கு ஜுல்பிகாரின் பட்டப்பெயரான நுஸ்ரத் ஜங்கை வைத்து நுஸ்ரத்கட் என்று பெயர் சூட்டினார்கள்.

இந்தப் பகுதியைச் செஞ்சி வரலாறு எழுதிய சீனிவாசாச்சாரியாரின் புத்தகத்தில் முதலில் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. மலையடியில் கூடாரம் போட்டுக்கொண்டு, தினமும் யுத்தம் நடப்பதாக ஔரங்கசீப்புக்கு எழுதிக்கொண்டு, கடைசியில் கோட்டைக்குத் தன் பெயரையும் வாங்கிக்கொண்ட மனுஷன். நானும் வேறென்ன செய்தேன்?

என் பெயரை வாங்கிக் கொடுத்தது ஒரு கட்டுரை. எந்தப் பத்திரிகை என்பது வேண்டாம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. தீபாவளி மலருக்குக் கோட்டைகள் பற்றி ஒரு தொகுப்பு போட்டார்கள். செஞ்சி என்னிடம் வந்தது. நேர்மையாக எழுதியிருக்கலாம். அடிவாரமே நூறு பக்கம் எழுதக் காணும். ஆனால் ஆசிரியர் போனில், "உச்சியில நிக்கிற அனுபவம் வேணும் சார், வாசகனைக் கையைப் பிடிச்சு மேல கூட்டிட்டுப் போகணும்" என்றார். சரி என்றேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள கட்டடங்களைப் பிரான்சிஸ் எழுதிய 1906-ஆம் வருஷத்துத் தென்னார்க்காடு கெசட்டியரிலிருந்து எடுத்தேன். மேலிருக்கும் பீரங்கியை நண்பன் எடுத்த போட்டோவிலிருந்து எடுத்தேன். ரங்கநாதர் கோயிலும் மணிக்கூண்டும் சீனிவாசாச்சாரியார் 1943-இல் வெளியிட்ட புத்தகத்தின் தயவு. காற்று எப்படி அடிக்கும் என்பது மைத்துனர் திரும்பி வந்து சொன்னது. வேட்டி பறக்கிறது, பேசுவது காதில் விழவில்லை என்றார். அதை என் வேட்டியாக்கினேன். இத்தனைக்கும் நான் கோட்டைக்குப் பேன்ட் போட்டுக்கொண்டுதான் போவேன்.

இரவலில் வந்த இந்தச் சரக்கெல்லாம் சரியாகவே இருந்தது. சொந்தமாகச் சேர்த்த ஒரே வரிதான் காட்டிக் கொடுத்தது. உச்சியில் நின்று கையை நீட்டினேன், மேகம் விரலில் ஈரமாகத் தட்டுப்பட்டது என்று எழுதியிருந்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர். மணிமணியான கையெழுத்து. கட்டுரையை மிகவும் ரசித்ததாக நான்கு வரி எழுதிவிட்டு, 800 அடி உயரமுள்ள குன்றில் மேகம் கைக்கு எட்டியது எந்த மாதத்தில் என்று தெரிவித்தால் தம் பழைய மாணவர்களுக்குச் சொல்லலாம் என்று கேட்டிருந்தார். கிண்டலா, உண்மையான ஆர்வமா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அப்போதாவது ஒத்துக்கொண்டிருக்கலாம். "மார்கழி" என்று பதில் போட்டேன். பனியை மேகம் என்று சொல்லிவிட்டால் போயிற்று என்ற நினைப்பு. அவரிடமிருந்து அடுத்த கார்டு வரவில்லை.

இவ்வளவோடு விஷயம் முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். எழுத்தாளன் கொஞ்சம் அளப்பது ஊரறிந்த சங்கதி.

அக்கா மகனுக்கு அப்போது பதினொரு வயது இருக்கும். காணும் பொங்கல் அன்று அக்கா குடும்பத்தோடு செஞ்சிக்குப் போனோம். காணும் பொங்கலில் அங்கே கூட்டம் எப்படி இருக்கும் என்று பக்கத்து ஊர்க்காரர்களுக்குத் தெரியும். புளிசோற்றுத் தூக்கும் கரும்புமாக ஊரே மலையேறும். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தான். செட்டிக்குளக் கரை மேடையைக் காட்டி, இங்கேதான் தேசிங்கு ராஜாவை எரியூட்டினார்கள், அவர் மனைவியும் உடன்கட்டை ஏறினாள் என்று சொன்னேன். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பம் கேட்டு வந்தபோது, படை சிறுத்திருந்தும் பணியாமல் குதிரையேறிப் போய், 1714 அக்டோபரில் போர்க்களத்தில் விழுந்த 22 வயதுப் பையன் என்று சொன்னதும் அவன் கண் விரிந்தது. (பத்து மாதம் ஆண்டவருக்குக் கதைப்பாட்டு, தலைமுறை தலைமுறையாகக் கட்டி எழுப்பிய நாயக்கர்களின் பெயர் செஞ்சிக்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தோற்றுச் சாகிறவனைத்தான் நம் ஜனங்களுக்குப் பிடிக்கும்.) "மாமா, நீங்க மேல வரைக்கும் போயிருக்கீங்களா?" என்று கேட்டான். "எத்தனையோ வாட்டி" என்றேன்.

பாலத்தில் அவன் இரண்டடி வைத்தான். நின்றுவிட்டான்.

அக்காவும் அத்தானும் முன்னால் போய்க் கூட்டத்தில் கலந்துவிட்டார்கள். அவன் இரண்டு கையாலும் ஒரே பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முட்டி மடங்கி, முதுகைக் கூனி நின்றான். பின்னாலிருந்து பார்த்த எனக்கு அவனுடைய காது மடல் தெரிந்தது. வெளுத்துப் போயிருந்தது. அவன் காலுக்குள் என்ன நடக்கிறது என்று அந்த மலையில் அன்று இருந்த ஆயிரம் பேரில் எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். "வாடா, எனக்கும் பயம்தான், நாம இங்கயே உக்காந்து பைய பாத்துக்கலாம்" என்று சொல்லியிருந்தால் ஆயிற்று. அவன் கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டி வர இரண்டடிதான். ஆனால் அவன் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தால், இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறவர்களுக்கு ஒருவேளை புரிந்துவிடும். நான் இப்படி யோசித்ததாகச் சொல்ல முடியாது, யோசிக்க நேரமில்லை. வாய்தான் முந்திக்கொண்டது.

"டேய், என்னாடா இது? ஆம்பளப் பையன்தானே நீ? பொட்டப் புள்ளைங்கள்லாம் போவுது பாரு. தேசிங்கு ராஜா கதைய வாயப் பொளந்து கேட்டல்ல?"

எழுதும்போதே கூசுகிறது. சத்தமாகத்தான் சொன்னேன். பின்னால் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு இளவட்டம் விசில் அடித்தது. நான் இன்னும் ஒன்று சொன்னேன்: "மாமா கண்ண மூடிக்கிட்டு ஓடுவேன்டா இதுல." அவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு கம்பியை விடாமல், ஒரு கை மாற்றி ஒரு கை, நண்டு நடப்பதுபோல் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தான். கூட்டம் ஓ என்று கத்தியது. நானும் கைதட்டினேன். அவனுடைய காக்கி நிஜாரின் முன்பக்கம் நனைந்திருந்ததை, அவன் மேலே சுற்றிவிட்டு அதே நண்டு நடையில் திரும்பி வந்தபோதுதான் பார்த்தேன். சட்டையை வெளியே இழுத்துவிட்டு மறைத்திருந்தான். அக்கா கவனித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "தண்ணி கொட்டிக்கிட்டான்போல" என்றேன்.

அதோடாவது விட்டேனா? கல்யாண வீடு, காதுகுத்து, புதுமனைப் புகுவிழா என்று எங்கே சொந்தங்கள் கூடினாலும் அந்தக் கதையை எடுத்துவிடுவேன். கூனி நின்றதையும் நண்டு நடையையும் நடித்தே காட்டுவேன். அவனுக்கு மீசை அரும்பிய பிறகும் சொன்னேன். "பாலம் வந்துட்டான்டா" என்று மாமன் மச்சான்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். ஒரு தடவையும் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுந்து போனதில்லை. எனக்கு அந்தக் கதை தேவைப்பட்டது. பாலத்தில் பயந்தவன் என்று வீட்டில் ஒருத்தன் குறிக்கப்பட்டுவிட்டால், வேறு யாரையும் யாரும் தேடப் போவதில்லை. என் பங்குப் பயத்தையும் ஒரு சின்னப் பையன் முதுகில் ஏற்றிவிட்டு, வருஷக்கணக்கில் கைவீசி நடந்திருக்கிறேன்.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மராத்தியர்களின் இராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் 12 கோட்டைகள். 11 மகாராஷ்டிரத்தில், வெளியில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். கோனார்களும் நாயக்கர்களும் கட்டியதற்கு, 1677-லிருந்து 21 வருஷம் மட்டும் வைத்திருந்த மராத்தியர் பெயரா என்று எங்கள் பக்கத்தில் சிலருக்கு வருத்தம். எனக்கு அந்த வருத்தம் இல்லை. எந்தப் பெயரிலாவது மதில் பிழைத்தால் சரி. எனக்கு வந்த சங்கடம் வேறு. பழைய கட்டுரையைத் தூசி தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினார்கள். மேகம் விரலில் தட்டிய வரியை ஒருத்தர் தனியாக எடுத்து, ராஜகிரிப் படத்தின் மேல் அச்சடித்த மாதிரி போட்டு, கீழே என் பெயரையும் போட்டிருந்தார்.

அக்கா மகன் போன் செய்தான். ஓசூரில் வேலை, பெண் குழந்தைக்கு ஏழு வயது. "மாமா, உங்க கோட்டைய உலகமே பாக்க வரப்போவுது. பாப்பா ஸ்கூல்ல ஃபோர்ட் பத்தி புராஜெக்ட் வேற. அடுத்த லீவுல வர்றோம். நீங்கதான் கூட இருந்து எல்லாம் காட்டணும். மேல, அந்த பீரங்கி, மணிக்கூண்டெல்லாம் அவளுக்கு நீங்க சொன்னாத்தான் நல்லா இருக்கும்." பிறகு கொஞ்சம் சிரித்துக்கொண்டு சொன்னான்: "பாலத்துல நான் தூக்கிக்கிறேன் அவளை. என்னை மாதிரி பயந்துடுவாளோன்னு இருக்கு."

எப்போதும்போல முழங்கால் வலி என்று சொல்லியிருக்கலாம். வயதும் அதற்குத் தோதாகத்தான் இருக்கிறது. ஆனால் "என்னை மாதிரி" என்று அவன் சொன்னதற்குப் பிறகு சாக்கு எதுவும் வாயில் வரவில்லை. சொல்லிவிட்டேன். நான் அந்தப் பாலத்தைத் தாண்டியதே இல்லை, கட்டுரை பூராவும் இரவல், நீ நின்ற அதே இடத்தில் உனக்கு முன்னாலேயே நான் நின்று திரும்பியவன் என்று, வரிசைகூட இல்லாமல், உளறி முடித்தேன்.

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. பெரியவனாகிவிட்டான், மன்னித்து "விடுங்க மாமா" என்பான், நானும் பாரம் இறங்கியதென்று கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம் என்று ஒரு மூலையில் கணக்கு ஓடியிருக்கிறது. அவன் சொன்னது இது: "நீங்க பயந்தது எனக்கு ஒண்ணும் இல்ல மாமா. அன்னைக்கு அங்க எல்லார் முன்னாடியும் நீங்க கத்துனது, அதுக்கப்புறம் ஒவ்வொரு கல்யாணத்துலயும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சது, அதெல்லாம் தெரிஞ்சே பண்ணீங்களா?" ஆமாம் என்றேன். "அப்ப பாப்பாவுக்கு நானே காட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். மறுநாள் நான் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. அக்காவிடம் கேட்டால், "அவன் பாட்டுக்கு இருக்கட்டும் வுடுடா, நீ எதையும் நோண்டாத" என்கிறாள். அவளுக்கு அவன் விஷயம் முழுவதையும் சொல்லியிருக்கிறான் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

கதையைச் சொந்தக்காரர்கள் கூடிய இடங்களில் சொன்னேன்; இதையும் அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். வருகிற தை மாதம் பங்காளி வீட்டில் ஒரு கல்யாணம் இருக்கிறது. பந்தியில் யாராவது அவனைப் "பாலம்" என்று கூப்பிட்டால், எழுந்து நின்று அது என் பெயர் என்று சொல்வதாக இருக்கிறேன். சொல்லி வாய் உலர்ந்து போகும் என்று தெரியும். கல்லூரிக்காரர்களுக்குக் கடிதம் போட்டுவிட்டேன். புவியியல் ஆசிரியரின் விலாசம் அந்தப் பழைய கார்டிலேயே இருந்தது. அதற்கு எழுதியது "பெறுநர் இல்லை" என்று திரும்பி வந்துவிட்டது.

மலரை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு: கமலக்கண்ணி அம்மன் கோயில் வரை உள்ளது நான் பார்த்தது, நம்பலாம். பாலம் வந்த இடத்திலிருந்து கடைசிப் பத்தி வரை அடித்துவிடுங்கள். பீரங்கி அங்கே இருக்கிறது, மணிக்கூண்டும் இருக்கிறது; நான்தான் அங்கே இல்லை. மேகத்தை அடித்துவிடுங்கள். வேட்டியையும். பிற்பகலில் போய்ச் சேர்ந்தாலும் ஏறிவிடலாம் என்று தாராளமாக எழுதியிருக்கிறேன், அதுவும் தப்பு. மூன்று மணிக்கு மேல் ராஜகிரிக்கு விடமாட்டார்கள், காலையிலேயே போய்விடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வருஷங்களும் ராஜாக்களின் பெயர்களும் சரியாகவே இருக்கின்றன. அவற்றைத் திருத்த வேண்டியதில்லை.